வாகனமும் வயரும்: இந்த மாதம் ஹெட்லைட் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெட்லைட்டைப் பற்றியவை. 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு இரவில் கொழும்பிலிருந்து காலிக்குப் போகிற வீதி ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கடிதங்கள் ஏன் வருகின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. பெட்டரி, டைனமோ கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 38 வருடமாக வாகன வயர் வேலை செய்கிறவனாக இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. வத்தளையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிழமையில் இரண்டு தரம் நானே கார் ஓட்டிப் போய் வருவேன். திரும்பும்போது இரவு எட்டு மணி தாண்டிவிடும். எதிரே வரும் புது வாகனங்களின் வெள்ளை வெளிச்சம் பட்டால் இரண்டு மூன்று செக்கனுக்கு ரோடே தெரிவதில்லை. கண்ணில் வெண்புரை தொடங்கியிருக்கிறது, இன்னும் ஒபரேஷன் செய்யும் அளவுக்கு வரவில்லை என்று டொக்டர் சொல்கிறார். பிழை என் கண்ணிலா, அந்த லைட்டிலா?
*– வாசகி, வெள்ளவத்தை*

அக்கா, இரண்டிலும் இருக்கிறது. ஆனால் "வயசாகிவிட்டது, இனி ராத்திரியில் ஓட்டாதே" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதோடு அடங்கிவிடாதீர்கள். லைட்டின் பங்கு சின்னதில்லை.

முதலில் கண். வெண்புரை தொடங்கிய கண், அழுக்குப் படிந்த முன்கண்ணாடி மாதிரி. பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் ஒரு லைட் பட்டதும் அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, பார்வை முழுக்க வெள்ளைப் புகை போட்டதுபோல் ஆகிவிடும். வெண்புரை இல்லாவிட்டாலும், வயது ஏற ஏறக் கண் தெளிவதற்கு நேரம் கூடுதலாக எடுக்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. நீங்கள் சொல்கிற மூன்று செக்கனில் 42 மீற்றர். நாலு பஸ்ஸை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்துகிற நீளத்துக்கு ரோட்டைப் பார்க்காமலே ஓட்டுகிறீர்கள். அதனால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

இனி லைட். பழைய ஹெலஜன் பல்ப்பின் வெளிச்சம் மஞ்சள் சாய்ந்தது. எல்.ஈ.டி. வெளிச்சத்தில் நீலம் கூட. நீலம் கூடிய வெளிச்சம் அதே அளவாக இருந்தாலும் கண்ணை அதிகம் கூசச் செய்யும். அதோடு எல்.ஈ.டி. லைட்டில் வெளிச்சம் புறப்படுகிற இடம் மிகச் சிறியது. அகலமான ஜன்னலால் வருகிற வெயிலையும் ஓட்டுத் துவாரத்தால் கண்ணில் நேராக விழுகிற வெயிலையும் நினைத்துப் பாருங்கள், அதுதான் வித்தியாசம்.

ஆனால் என் அனுபவத்தில் இவை இரண்டையும்விடப் பெரிய காரணம், லைட் எந்த உயரத்துக்கு அடிக்கிறது என்பது. டிம் லைட் பொதுவாக 100க்கு 1 என்ற சரிவில் கீழே இறங்க வேண்டும். அதாவது 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர். அந்தச் சரிவு குறையக் குறைய எதிரே வருகிறவரின் கண் கூசுவது கூடும். புதிதாக வருகிற உயரமான ஜீப் மாதிரிக் கார்களில் லைட் இருப்பதே உயரத்தில். டிம் லைட்டைத் தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரம் வரை வைக்கலாம் என்று ஐ.நா. வாகன விதி அனுமதிக்கிறது. உங்களுடைய சின்னக் காரில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண்ணின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். எனவே கம்பனி சரியாகப் பொருத்திய லைட்கூட, ரோடு கொஞ்சம் மேடாக இருந்தால் உங்கள் கண்ணுக்கு நேரே வரும். கம்பனிகளும் விதி எழுதுகிறவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது. அந்தப் பாரத்தை ஓட்டுநர் தலையில் கட்டக்கூடாது.

மிச்சம் சுமை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் காரின் மூக்கு மேலே தூக்கும், லைட்டும் சேர்ந்து தூக்கும். அதற்குத்தான் பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 அல்லது 5 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. சுமைக்கு ஏற்ற மாதிரி திருப்பினால் லைட் கீழே இறங்கும். என்னிடம் வருகிறவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத்தான் அது எதற்கென்று தெரிகிறது. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் காரில் தேடிப் பாருங்கள்.

அக்கா, நீங்கள் செய்யக்கூடியது: முன்கண்ணாடியின் உள்பக்கத்தைக் கிழமைக்கு ஒருமுறை துடையுங்கள். டேஷ்போர்ட் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பி அதில் படிகிற எண்ணெய்ப் படலம் எதிர் லைட்டை இழுத்துப் பரப்பிவிடும். எதிரே லைட் வரும்போது அதைப் பார்க்காமல் இடது பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். மஞ்சள் நிற "நைட் டிரைவிங்" கண்ணாடி வாங்க வேண்டாம், அது உங்களுக்குத் தேவையான வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைக்கும். டொக்டரிடம் அடுத்த முறை போகும்போது, எழுத்து வாசிக்க முடிகிறது என்பதோடு நிறுத்தாமல், இரவில் எத்தனை செக்கன் ரோடு மறைகிறது என்பதையும் சொல்லுங்கள். ஒபரேஷனை எப்போது செய்வது என்று தீர்மானிக்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.

அண்ணன், என்னிடம் 2012ஆம் ஆண்டு சின்னக் கார் ஒன்று இருக்கிறது. எச்4 ஹெலஜன் பல்ப். மழை பெய்தால் ஒன்றுமே தெரிவதில்லை. நண்பன் எல்.ஈ.டி. பல்ப் மாட்டிவிட்டுப் பகல் மாதிரி இருக்கிறது என்கிறான். கழற்றி மாட்ட ஐந்து நிமிடம்தானே, மாட்டட்டுமா?
*– வாசகர், கொட்டாஞ்சேனை*

வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எச்4 பல்ப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியில் விரல் படக்கூடாது, விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். என் பாஸ் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், பல்ப்பைக் கைலேஞ்சியால் பிடிப்பதுதான்). உள்ளே இரண்டு இழை இருக்கும். ஒன்று ஹை பீமுக்கு, மற்றது டிம்முக்கு. டிம் இழையின் கீழே தகரத்தில் சின்னத் தொட்டில் ஒன்று இருக்கும். அந்தத் தொட்டில் கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் ரிஃப்லெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழுகிறது. ரிஃப்லெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்தது. இழை ஒரு மில்லிமீற்றர் விலகினால் கணக்கு பிசகும்.

எல்.ஈ.டி. பல்ப்பில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். தகட்டின் தடிப்பினாலேயே வெளிச்சம் புறப்படும் இடம் மாறிவிடுகிறது.

போன மாதம் ஒரு பையன் கேட்காமல் பிடிவாதம் பிடித்தபோது, சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவனுடைய காரிலேயே காட்டினேன். கடை பூட்டுகிற நேரம், எங்கள் ஒழுங்கையின் முனையில் உள்ள வெள்ளைச் சுவருக்கு 5 மீற்றர் தூரத்தில் காரை நிறுத்தினோம். இடது பக்கம் புது ஹெலஜன், வலது பக்கம் அவன் வாங்கி வந்த எல்.ஈ.டி. இடது லைட்டை மட்டும் விட்டு மற்றதைத் துணியால் மூடினேன். சுவரில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம், இடது கரையில் மட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் அல்லவா, ரோட்டோரம் நடக்கிற ஆளைக் காட்டத்தான் அந்த ஏற்றம். பிறகு துணியை மாற்றினேன். எல்.ஈ.டி. பக்கத்தில் கோட்டையே காணோம். கீழே காருக்குக் கிட்ட பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு, மேலே சுவர் முழுக்கத் தெறித்த வெளிச்சம். பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடியில் காய்ந்துகொண்டிருந்த சாரத்தின் கட்டம்கூடத் தெரிந்தது. அந்தப் பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "அப்ப எனக்கு முன்னால வாறவங்க எல்லாருக்கும் இப்படித்தான் அடிச்சிருக்கேனா, அண்ணன்?" என்று கேட்டான்.

உங்கள் நண்பர் "பகல் மாதிரி" என்று சொல்வதும் பொய்யில்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும். காருக்கு முன்னால் 10 மீற்றரில் ரோடு பளிச்சென்று இருக்கும்போது கண்மணி சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்கு 60 மீற்றரில் கறுப்புச் சேட்டு போட்டுக் கடவையில் இறங்குகிற ஆள் தெரியமாட்டார். வெளிச்சம் கூடிவிட்டது என்ற நம்பிக்கையில் வேகமும் கூடிவிடும். மழையில் இன்னும் மோசம். கிட்டத்தில் விழுகிற அத்தனை வெளிச்சமும் ஈர ரோட்டில் பட்டு எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும்.

எல்லா எல்.ஈ.டி. பல்ப்பும் இப்படியா என்றால், இல்லை. ஜேர்மனியில் 2020இலிருந்து சில எல்.ஈ.டி. பல்ப்களுக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் எந்தக் கார் மாடலின் எந்த லைட்டில் மாட்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஹெலஜனுக்குச் செய்த லைட்டில் எல்.ஈ.டி. பல்ப் மாட்டியிருந்தால் கார் வருடாந்தச் சோதனையில் தேறாது. நம் நடைபாதையில் பெட்டி பெட்டியாக விற்கிற பல்ப்புக்கு எந்தப் பட்டியலும் இல்லை. பெட்டியில் "8000 கே" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கே என்பது நிறத்தின் கணக்கு, வெளிச்சத்தின் அளவு இல்லை. ஹெலஜன் 3200 பக்கம், பகல் வெயில் 5500 பக்கம். 8000 என்றால் நீலம், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைக் கூட்ட வேறு வழி சொல்கிறேன். 2012 காரில் வயரும் சுவிட்சும் தேய்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் மீற்றர் வைத்தால் 13.8 வோல்ட் காட்டும், அதே நேரம் பல்ப் ஹோல்டரில் வைத்தால் 12.4தான் நிற்கும். இப்படி எத்தனையோ கார் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வோல்ட்தானே என்று விடக்கூடாது. அந்தக் குறைவில் வெளிச்சத்தில் கால்வாசிக்கும் மேல் போய்விடும். நல்ல ரிலே (பழைய சுவிட்சுக்குப் பதிலாக லைட்டின் மின்சாரத்தைத் தாங்குகிற துணைச் சுவிட்ச்) இரண்டு, பெட்டரியிலிருந்து நேரே தடித்த வயர், சுத்தமான ஏர்த், 60/55 வோட் (ஹை பீமுக்கு 60, டிம்முக்கு 55) நல்ல ஹெலஜன் பல்ப் ஒரு சோடி. அதோடு லைட்டின் கண்ணாடியைப் பொலிஷ் பண்ணி, சுவரில் வைத்து உயரம் சரி பார்த்தால், உங்கள் கார் புதிதாக வந்தபோது எப்படித் தெரிந்ததோ அப்படித் தெரியும்.

100/90 வோட் பல்ப் மட்டும் போட்டுவிடாதீர்கள். என்னிடம் ஒரு வேன்காரர் அதைப் போடச் சொல்லிக் கேட்டபோது, எனக்கு அப்போது 22 வயது, ரிலே இல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டேன். கதிர்காமத்துக்குக் குடும்பத்தோடு போனவர்கள். 60 வோட்டுக்கு ஓடுகிற 5 அம்பியர் இடத்தில் 8 அம்பியருக்கு மேல் ஓடி, புத்தளை தாண்டிக் காட்டு ரோட்டில் ஹோல்டர் உருகி இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. யானை நடமாடுகிற ரோடு. விடியும்வரை வேனுக்குள்ளேயே பிள்ளைகளோடு இருந்திருக்கிறார்கள். வந்து என்னைத் திட்டவில்லை, உருகின ஹோல்டரைக் கையில் தந்துவிட்டுப் போனார். அது இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. வேலை பழக வருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாள் அதை எடுத்துக் காட்டுகிறேன்.

புதுக் கார் வாங்க இருக்கிறேன். ஒரே காரின் கூடிய மாடலில் மட்டும் மேட்ரிக்ஸ் ஹெட்லைட் வருகிறது. அதற்காக அவ்வளவு காசு கூட்டிக் கொடுக்கலாமா? வேலை கொழும்பில்தான். ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது திருகோணமலைக்கு, ஊருக்குப் போவேன்.
*– வாசகர், மட்டக்குளி*

திருகோணமலை என்று எழுதியிருக்காவிட்டால் தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

ஹெட்லைட் வேகமாக மாறியது கடந்த முப்பது சொச்ச வருடங்களில்தான். 1991இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் செனன் என்கிற வாயு நிரப்பிய பல்ப் வந்தது. 2007இல் லெக்சஸ் டிம் லைட்டுக்கு எல்.ஈ.டி. போட்டது. 2013இல் அவுடி ஏ8இல் மேட்ரிக்ஸ் வந்தது. ஒரு லைட்டுக்குள் 25 எல்.ஈ.டி., ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றவும் அணைக்கவும் முடியும். முன்கண்ணாடியில் இருக்கிற கமரா எதிரே வருகிற வாகனத்தின் லைட்டைக் கண்டதும், அந்த வாகனம் இருக்கிற துண்டை மட்டும் இருட்டாக்கிவிட்டு மற்ற இடமெல்லாம் ஹை பீமிலேயே வைத்திருக்கும். எதிரே வருகிறவர் நகர நகர அந்த இருட்டுத் துண்டும் கூடவே நகரும். அமெரிக்காவில் இதற்கு 2022இல்தான் அனுமதி கிடைத்தது. இப்போது மெர்சிடிஸில் ஒரு லைட்டுக்குப் 13 லட்சம் நுண்ணிய கண்ணாடிகள் வரை போய்விட்டார்கள்.

இது நல்ல தொழில்நுட்பம். மனதாரச் சொல்கிறேன். தனக்கும் வெளிச்சம் வேண்டும், எதிரே வருகிறவரின் கண்ணும் கூசக்கூடாது என்று நினைத்து ஒருவர் செய்த லைட் இது.

ஹபரணை தாண்டிக் கந்தளாய் போகிற ரோட்டில் அதன் அருமை தெரியும். யானை கறுப்பு.  டிம் லைட்டில் ரோட்டோரம் நிற்கிற யானையின் கால் முதலில் மரம் மாதிரித்தான் தெரியும், தெரிந்த நேரம் பிரேக் பிடித்து நிறுத்தத் தூரம் போதாது. எதிரே வாகனம் வருகிறபோதும் ரோட்டோரத்தை ஹை பீமில் பார்க்க முடிகிறது என்றால் அது உயிர் காக்கிற வசதி. மாதத்துக்கு ஒருமுறை இரவில் அந்த ரோட்டில் போகிறவர் என்றால் கொடுக்கலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் விற்கிறவரிடம் ஒரு லைட்டின் விலையைக் கேளுங்கள். வாயால் சொல்ல விடாதீர்கள், எழுதி வாங்குங்கள். ஹெலஜன் என்றால் பல்ப் மாற்றினால் போதும். இதில் பல்ப் என்று ஒன்று கிடையாது. பொரளையில் ட்ராஃபிக்கில் முன்னால் நிற்கிற பஸ்ஸின் பம்பரில் லேசாகத் தட்டி, லைட்டைப் பிடிக்கிற காது ஒன்று உடைந்தாலே முழு லைட்டையும் மாற்றச் சொல்வார்கள். பஞ்சிகாவத்தையில் பழையது எடுக்கலாம் என்று நினைத்தால், மாட்டியபின் கம்பியூட்டரில் காரோடு அறிமுகப்படுத்த வேண்டும். முன்கண்ணாடி மாற்றினாலும் கமராவை மறுபடி சரிப்படுத்த வேண்டும். பழையது எடுப்பதாக இருந்தால் ஜப்பானிலிருந்து வந்த காரின் லைட்டை எடுங்கள், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டு லைட்டில் அந்தக் கோட்டின் ஏற்றம் வலது பக்கம் இருக்கும், எதிரே வருகிற ஒவ்வொருவரின் முகத்திலும் அடிக்கும்.

கமராவை முழுக்க நம்பவும் வேண்டாம். அது பிடிப்பது மற்ற வாகனத்தின் லைட்டை. வளைவில் திடீரென்று வருகிற வாகனத்தையும், ஒற்றை லைட் மங்கலாக எரிகிற ஓட்டோவையும் அது தவறவிடலாம் என்று வாகனக் கையேடுகளே எச்சரிக்கின்றன. லைட் இல்லாமல் சைக்கிளில் வருகிறவர் அதன் கணக்கிலேயே இருக்கமாட்டார், அவர் கண்ணில் ஹை பீம் முழுக்க விழும். எனவே கை எப்போதும் டிம் சுவிட்சில் இருக்கட்டும்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் போனால் மூடுபனியில் வெள்ளை எல்.ஈ.டி. உதவாது, மஞ்சள் பல்ப்தான் வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
*– வாசகர், கிராண்ட்பாஸ்*

நான் ஹட்டனில் பிறந்து வளர்ந்தவன். அங்கே பனி இறங்கினால் லொறிக்கார அண்ணன்மார் லைட்டில் மஞ்சள் பேப்பர் ஒட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பிரான்ஸ் நாட்டில் 1936இலிருந்து 1993 வரை ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கும், அது உண்மை. ஆனால் பனித் துளி பெரியது, எந்த நிற வெளிச்சத்தையும் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் சிதறடிக்கும். உதவுவது நிறத்தைவிட உயரம். ஃபொக் லைட்டைப் பம்பருக்குக் கீழே, தாழ்வாக, அகலமாக அடிக்கிற மாதிரி வையுங்கள். ஹை பீமைப் போடாதீர்கள், உங்கள் முகத்துக்கே வெள்ளைச் சுவர் திரும்பி வரும். பனி விலகியதும் ஃபொக் லைட்டை அணையுங்கள்.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. கடல் காற்று நேரே அடிக்கிற பக்கத்தில்தான் கார் நிற்கிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் போகுமா?
*– வாசகி, தெஹிவளை*

போகும் தங்கச்சி, இரண்டு மாதத்துக்கு. அது கண்ணாடி இல்லை, பொலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். வெயிலில் மேற்பூச்சு போய்விட்டதால் மஞ்சளாகிறது. பற்பசை மஞ்சளைச் சுரண்டும், பூச்சைத் திருப்பித் தராது. 800, 1500, 2000 என்று தண்ணீர் பேப்பர் மூன்றை வரிசையாகப் போட்டு, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்து, பொலிஷ் பண்ணி, கடைசியில் வெயிலைத் தடுக்கிற கிளியர் கோட் அடிக்க வேண்டும். சுற்றிவர இருக்கும் பெயின்டில் பேப்பர் படாமல் முதலில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கடல் காற்று நேரே அடிக்கிற பக்கத்தில் கார் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிளியர் கோட் அடித்த அன்று காரை வீட்டுக்குள் எடுத்து விடுங்கள், உப்பு ஈரம் படிந்தால் பூச்சு பாலாக வெளுத்துவிடும், மறுபடி 800இலிருந்து தொடங்க வேண்டிவரும்.